கிழக்கே லால் நாலா, மேற்கே பந்த் ரோடு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அந்தப் புதன்கிழமை மத்தியானம் என் காதில் தோசை வார்த்திருக்கலாம்.

1967. எனக்கு இருபத்து மூன்று வயது. கோட்டைப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்க முடியாதவர்கள் வேலையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், நாங்கள் எங்கள் கம்ப்யூட்டரில் செய்து தருவோம். அங்கே பெண்கள் பஞ்ச் மெஷினில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் படிக்கும் கார்டில் எழுத்து எழுத்தாகத் துளை போடுவார்கள், ஆண்கள் புரோகிராம் எழுதுவார்கள். இப்படி எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எல்லோரும் பயபக்தியோடு கடைப்பிடித்தார்கள்.

நானும் புரோகிராம் எழுதுவேன் என்று எட்டு மாதம் எங்கள் செக்‌ஷன் தலைவர் அனந்தநாராயணன் சாரைப் பிய்த்து எடுத்தேன். தொல்லை தாங்காமல் ஒருநாள் அவர் ஒரு ஃபைலை என் மேஜையில் போட்டார்.

"இந்த ஒரு வேலை. சரியா வந்தா புரோகிராம் டேபிள்ல உனக்கு ஒரு நாற்காலி. தப்பாச்சுன்னா பஞ்ச் மெஷினுக்குத் திரும்பிப் போயிடணும். அப்புறம் புரோகிராம்ங்கற வார்த்தையே உன் வாயிலேர்ந்து வரப்படாது. என்ன?"

"சரி சார்" என்றேன். அவர் நகர்ந்ததும் பாத்ரூமுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு நாலு குதி குதித்தேன்.

வேலை இதுதான். அடுத்த வருஷம் முனிசிபல் தேர்தல். சட்டப்படி ஊரை நூற்றுச் சொச்சம் வார்டாகப் பிரித்து ஓர் அரசாங்க அலுவலகம் வரைவு அறிவிப்பு வெளியிட்டிருந்தது. ஒவ்வொரு வார்டுக்கும் நாலு எல்லை. வடக்கே இந்த ரோடு, கிழக்கே இந்த ரயில் பாதை, தெற்கே இந்தச் சந்து என்று ஆங்கிலத்தில் பத்தி பத்தியாகப் போகும். கிர்காமில் ஒரு பதிப்பாளர் இதை வைத்துக் கைப்புத்தகம் போட நினைத்தார். எந்தப் பெயர் எந்த வார்டுக்கு எந்தத் திசையில் எல்லை என்று அகரவரிசையில் அவருக்கு வெள்ளிக்கிழமை லிஸ்ட் வேண்டும். அறிவிப்பின் மேலே இன்னொன்றும் அச்சாகியிருந்தது: ஆட்சேபம் உள்ளவர்கள் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தரலாம்.

மனிதர்களுக்கு ஊர்ப் பெயரைக் கண்டுபிடிப்பது சுலபம், முதல் எழுத்து பெரியதாக இருக்கும். எங்கள் மெஷினுக்கோ எல்லா எழுத்தும் பெரிய எழுத்துதான். சின்ன எழுத்து என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. அதற்கு மாஹிமும் ஒன்றுதான், மாங்காயும் ஒன்றுதான். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது பளிச்சென்று தோன்றியது. எல்லாப் பெயருக்கும் வால் இருக்கிறது! ரோடு, லேன், நாலா, வாடி, பாலம், ரயில்வே. மெஷின் வாலைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு வார்த்தையாகப் போக வேண்டும். 'வழியாக', 'வரை' போன்ற வார்த்தை வந்தால் நிறுத்த வேண்டும். நடுவில் கிடைப்பதுதான் பெயர்.

பக்கத்திலிருந்த அம்மாளிடம் "வால், மாமி, வால்!" என்று சொல்லிவிட்டேன். அவர் சட்டென்று தன் புடவையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

புரோகிராம் ஓடியது. பிரின்டர் கடகடவென்று பெயர்களைக் கொட்டியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் என் புத்தி அப்படிப்பட்டதில்லை. ஒரு வார்டு தன் கிழக்கு எல்லை என்று ஒரு ரோட்டைச் சொன்னால், அந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வார்டு அதையே தன் மேற்கு எல்லை என்று சொல்லித்தானே ஆக வேண்டும்? அப்படி ஜோடி சேராத பெயர்களை மட்டும் தனியாக அச்சடிக்கும்படி இன்னும் கொஞ்சம் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. ஆசை, அவ்வளவுதான்.

ஒன்பது பெயர் வந்தது. ஏழு பெயர் கடல், கழிமுகம், நகர எல்லை. அதற்கப்பால் வார்டு கிடையாது, ஜோடி எப்படிச் சேரும்? மீதி இரண்டும் தாராவியில் இருந்தன. எண்பத்தெட்டாவது வார்டுக்குக் கிழக்கே லால் நாலா என்ற கழிவுநீர்க் கால்வாய். எண்பத்தொன்பதாவது வார்டுக்கு மேற்கே பந்த் ரோடு. லால் நாலாவை வேறு யாரும் சொல்லவில்லை. பந்த் ரோட்டையும் வேறு யாரும் சொல்லவில்லை.

அனந்தநாராயணன் சார் அந்தத் தாளைப் பார்த்தார். அலமாரியிலிருந்து ஊர் மேப்பை எடுத்து மேஜையில் விரித்தார்.

"பாரு. நாலாவும் பந்த் ரோடும் ஒட்டிண்டு ஓடறது. ஒரே கோடு. அங்கே ஒருத்தன் நாலான்னு எழுதியிருக்கான், இன்னொருத்தன் ரோடுன்னு எழுதியிருக்கான். மெஷினுக்குத்தான் தெரியாது, உனக்காவது தெரிஞ்சிருக்க வேண்டாமா? ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கோன்னு ஒரு கார்டு சேத்துடு. லிஸ்ட் சுத்தமாயிடும்."

"சார், சட்டத்துல எழுதியிருக்கறதை எடுக்கத்தானே சொன்னேள்? இப்ப நானே பதிலை மாத்தினா எப்படி?"

"அப்ப ரெண்டும் வேற வேறன்னு நாளைக்குள்ள காமி. இல்லேன்னா கார்டைச் சேரு. சேத்தா உன் புரோகிராம் தப்புன்னு ஒத்துண்ட மாதிரிதான். ஞாபகம் இருக்கோன்னோ?"

ஞாபகம் இல்லாமல் என்ன? பஞ்ச் மெஷின் என் கண் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. காது கொதித்தது. சார் மேல் கோபத்தைக் காட்ட முடியாது. ஆகவே நேராகப் பஞ்ச் அறைக்குப் போய் சைனப் மேல் காட்டினேன்.

சைனப்புக்குப் பத்தொன்பது வயது, தாராவியிலிருந்து வருகிறவள். பூர்வீகம் மேலப்பாளையம். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். ஆங்கில எழுத்தில் அவள் விரல் பறக்கும். ஒருத்தி பஞ்ச் செய்த கார்டை இன்னொருத்தி வேறு மெஷினில் போட்டு அதே எழுத்துகளை மறுபடி அடிக்க வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் சிவப்பு விளக்கு எரியும். அதற்கு வெரிஃபை என்று பெயர். அறிவிப்பை நான் பஞ்ச் செய்தேன், அவள் வெரிஃபை செய்தாள்.

"வெரிஃபை பண்ணினியா, இல்லே வேடிக்கை பாத்துண்டு ஒக்காந்திருந்தியா? எண்பத்தெட்டுல கார்டு விட்டுப் போயிருக்கு! லால் நாலாவும் பந்த் ரோடும் ஒரே கோடாம். ஜோடி சேரலே. என் மானமே போறது!"

அறையில் இருந்த அத்தனை மெஷினும் நின்றுவிட்டது. சைனப்பின் கண் நிறைந்தது. ஆனால் அவள் குரல் நடுங்கவில்லை.

"கார்டு ஒண்ணும் விட்டுப் போகல அக்கா. எண்ணிப் பாத்துக்கிடுங்க. லால் நாலாவும் பந்த் ரோடும் ஒண்ணுன்னு எந்தக் கிறுக்கன் சொன்னான்?"

"சார்தான். மேப்புல இருக்கு."

"மேப்புல என்னவும் இருக்கட்டும். அந்த ரெண்டுக்கும் நடுவுலதான அக்கா எங்க வீடு இருக்கு."

நான் அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அடிக்கும்போதே உனக்குத் தெரியலையா?"

"அடிக்கும்போது யாரு அர்த்தம் பாக்கா? எழுத்தத்தான பாப்போம்."

உண்மைதான். நானும் அப்படித்தான் பஞ்ச் செய்திருந்தேன். அத்தனை பேர் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மன்னிப்பெல்லாம் பெறவு. சாயங்காலம் வந்து உங்க கண்ணால பாருங்க" என்றாள்.

தினமும் மாட்டுங்காவில் இறங்கி கிழக்குப் பக்கம் போகிறவள் அன்று இன்னும் ஒரு ஸ்டேஷன் போய் சயானில் இறங்கினேன். பிறந்ததிலிருந்து தாராவிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். ஒருநாள்கூட லைனைத் தாண்டி அந்தப் பக்கம் போனதில்லை. வெட்கமாக இருந்தது, சொல்லிவிடுகிறேன். மேற்கே சுற்றி வரும் வழியில் சைனப் முன்னால் வேகமாக நடந்தாள். வழி நெடுகத் தோல் வாசனையும் வறுத்த மீன் வாசனையும் வந்தன.

"இதுதான் லால் நாலா" என்று ஒரு மரப் பலகைமேல் நின்று காட்டினாள். கீழே தோல் பதனிடும் தண்ணீர் செக்கச்செவேலென்று ஓடியது. பலகையைத் தாண்டி நடந்தோம். ஒரு சந்து, இன்னொரு சந்து, தகரக் கூரைகள், பை தைக்கும் மெஷின்கள், கயிற்றில் காயும் தோல்கள். நடந்துகொண்டே இருந்தோம். ஒரே கோட்டுக்குள் இவ்வளவு நேரம் நடக்க முடியுமா?

சைனப்பின் அண்ணன் உதுமான் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். அவள் அவரைக் 'காக்கா' என்று கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் தைத்துக்கொண்டிருந்த பையைக் கீழே வைத்தார்.

"என்ன சொல்லுதிய? நாலாவும் ரோடும் ஒட்டியா இருக்கு? முன்னால ஒட்டித்தாம்மா இருந்துச்சு. இது முச்சூடும் சேறு, முட்டளவு. நாங்கதான் தேங்காமட்டையும் உடஞ்ச ஓடும் கரிச்சாம்பலும் கொட்டிக் கொட்டி மேடாக்குனோம். கொட்டக் கொட்ட நாலா மேற்க நவுந்துட்டு. அளந்து பாப்பமா?"

தோல் அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பியதும் சந்தே பின்னால் வந்தது. நாலாக் கரையிலிருந்து பந்த் ரோடு வரை நானூற்றுப் பத்து அடி. நாடாவின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன். கடைசி எண்ணைக் கேட்டதும் நடுச் சந்தில் நின்று கைதட்டிவிட்டேன்.

"என் புரோகிராம் சரி! சைனப், என் புரோகிராம் சரி!"

சைனப்பும் சிரித்தாள். குழந்தைகளும் கைதட்டின. உதுமான் மட்டும் நாடாவைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப சட்டப்படி நாங்க எந்த வார்டும்மா?"

என் கை அந்தரத்தில் நின்றது. எந்த வார்டும் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, நாலு சந்து, ஒரு பள்ளிவாசல், ஒரு மாடன் கோயில். எண்பத்தெட்டும் இல்லை, எண்பத்தொன்பதும் இல்லை.

"பெரிய எலெக்‌ஷன்ல இந்த வருசந்தான் நாங்க முதமுதல்ல ஓட்டுப் போட்டோம்" என்றார் அவர். "இப்ப இது என்ன கூத்து?"

இடுப்பில் குடத்தோடு நின்ற பூமாரி என்ற பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "குழாய் கேட்டுப் போனா அந்த ஆபீஸ்காரன் இந்தப் பக்கம் போங்கான், இந்த ஆபீஸ்காரன் அந்தப் பக்கம் போங்கான். நாங்க என்ன கேரம் காயா? இப்பல்ல தெரியுது சங்கதி!"

வியாழக்கிழமை காலை, இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டின் பெயர்ப் பட்டியலோடு உதுமான் எங்கள் ஆபீஸுக்கே வந்துவிட்டார். நான் அளவைச் சொன்னேன். அனந்தநாராயணன் சார் மேப்பை மறுபடி விரித்தார். நான் அதன் மூலையில் விரலை வைத்தேன். 1938 என்று போட்டிருந்தது.

"சார், உங்க மேப் எனக்கு அண்ணாவா இருக்கு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். தேதி மாறவில்லை.

"இவா சொல்றா, நீ சொல்றே. அந்த ஆபீஸ்ல இதை ஆட்சேபம்னு வாங்கிண்டு முத்திரை குத்தட்டும். அப்ப ஒத்துக்கறேன்" என்றார். பிறகு, "பிரின்டவுட்டை நானில்லாம வெளியில எடுத்துண்டு போகப்படாது. நானும் வரேன்" என்று குடையை எடுத்தார். பிடிவாதக்காரர்.

ஆட்சேபத்தை ஆங்கிலத்தில் நான் எழுதினேன். ஒரு வரி பிடிக்காமல் கிழித்து, இன்னொரு வரி பிடிக்காமல் கிழித்து, சைனப் டைப் அடித்து முடித்தபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. டாக்ஸியில் நாங்கள் நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர். வழியில் ஓர் ஊர்வலம். நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடினேன். பின்னால் சைனப், அவள் பின்னால் உதுமான், கடைசியில் குடையோடு சார்.

கவுன்டரில் மணி நாலு நாற்பது. கிளார்க் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். பூர்த்தி செய்து கொடுத்தோம். முதல் கட்டத்தைப் பென்சிலால் தட்டினார்.

"வார்டு நம்பர் கஹாங் ஹை?"

ஆட்சேபிக்கிறவர் எந்த வார்டு வாக்காளர் என்று எழுத வேண்டுமாம். அது இல்லாமல் வாங்க முடியாதாம்.

"வோஹி தோ பூச்னே ஆயா, சாப்" என்றார் உதுமான். அதைக் கேட்கத்தானே வந்திருக்கிறோம்!

கிளார்க் தலையை ஆட்டினார். நம்பர் இல்லையென்றால் படிவம் இல்லை. எனக்குக் காது பற்றிக்கொண்டது. எந்த வார்டிலும் இல்லை என்பதுதான் எங்கள் ஆட்சேபமே, அதைச் சொல்ல ஒரு வார்டில் இருக்க வேண்டும் என்றால் என்ன நியாயம் என்று எனக்குத் தெரிந்த இந்தி, ஆங்கிலம், மராட்டி மூன்றிலும் கத்தினேன். அவர் அமைதியாக, "அப்படியானால் நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் வார்டு எது?" என்றார்.

என் பெயர் வாக்காளர் பட்டியலிலேயே இல்லை. வயது வந்து இரண்டு வருஷம் ஆகியும் எழுதிப் போட சோம்பல். இந்த லட்சணத்தில் எனக்கு வீராவேசம் வேறு. ஓட்டுப் போட அப்போதெல்லாம் இருபத்தொரு வயது ஆக வேண்டும், சைனப்புக்கு அது ஆகவில்லை. மணி நாலு நாற்பத்தெட்டு. உதுமான் அந்தப் பெயர்ப் பட்டியலை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை நீண்டு படிவத்தை இழுத்தது.

"நான் போடறேன்" என்றார் அனந்தநாராயணன் சார். மூச்சு வாங்கிக்கொண்டே பேனாவைத் திறந்தார். பெயர் எழுதினார். செம்பூர் விலாசம் எழுதினார். வார்டு எண் கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"ஷ்யாமளா, என் தெருவோட தெற்கு வரிசை எந்த வார்டுல வரது? உன் லிஸ்டைப் பாத்துச் சொல்லு."

பிரின்டவுட்டைப் பிரித்தேன். அகரவரிசையில் விரலை ஓட்டினேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"நூத்திப் பதினேழு, சார்."

அவர் மேப்பைக் கேட்கவில்லை. அறிவிப்பைப் புரட்டவில்லை. இன்னொரு தரம் பார் என்றுகூடச் சொல்லவில்லை. நூற்றுப் பதினேழு என்று எழுதி, கீழே நீளமாகத் தன் கையெழுத்தைப் போட்டார்.

கிளார்க் சரிபார்க்கத் தன்னுடைய அறிவிப்பை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எங்கள் நாலு பேர் கண்ணும் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. ஆறு நிமிஷம். கடைசியில் "பராபர் ஹை" என்றார். சரியாம்! முத்திரை விழுந்த சத்தம் எனக்கு வெடி வெடித்த மாதிரி இருந்தது. மணி நாலு ஐம்பத்தாறு.

வெளியே வந்ததும் உதுமான் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். அனந்தநாராயணன் சார் கிளாஸை ஊதிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"நாளைலேர்ந்து புரோகிராம் டேபிள்ல ஒக்காரு. ஜன்னல் பக்கம் எனக்கு. அதைக் கேக்கப்படாது."

"கேக்க மாட்டேன் சார்" என்றேன். நாலே மாதத்தில் கேட்டேன், அது வேறு கதை.

ஐந்து வாரம் கழித்து இறுதி அறிவிப்பு வந்தது. எண்பத்தெட்டாவது வார்டு, கிழக்கே பந்த் ரோடு. மாறியது அந்த ஒரு வரிதான். அந்தக் கார்டை யாரும் தொடக் கூடாது, நான்தான் பஞ்ச் செய்வேன் என்று சைனப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் வெரிஃபை நான்தான் செய்வேன் என்று புரோகிராம் டேபிளிலிருந்து எழுந்து போனேன். இந்தத் தடவை இரண்டு பேரும் ஒவ்வொரு எழுத்தையும் அர்த்தத்தோடு அடித்தோம். சிவப்பு விளக்கு எரியவே இல்லை. புரோகிராமை ஓட்டினேன். ஜோடி சேராத பெயர் ஏழு. கடல், கழிமுகம், நகர எல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டியலில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லி மனு எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். இந்தத் தடவை வழிகாட்ட ஆள் தேவைப்படவில்லை. பலகைமேல் லால் நாலாவைத் தாண்டியதும் நின்றுவிட்டேன். முதல் கதவில் தோலுக்குப் போடும் சிவப்புச் சாயத்தால் 88 என்று எழுதியிருந்தது. இரண்டாவது கதவிலும் 88. தகரம், பலகை, சாக்குத் திரை, எதையும் விடவில்லை. பள்ளிவாசல் சுவரில் 88, மாடன் கோயில் வாசலில் 88. பூமாரி வீட்டைத் தவிர மற்ற எல்லா வீட்டிலும் உதுமானே போய் எழுதினாராம். விரல்களில் சாயம் இன்னும் போகவில்லை.

பூமாரி தன் கதவில் தானே எழுதிக்கொண்டிருந்தாள். எட்டு கொஞ்சம் கோணலாக வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்து நின்றாள்.

"இனி எவனாச்சும் அந்தப் பக்கம் போன்னு சொல்லட்டும், பாக்கேன்" என்றாள்.